இடுப்பில் வந்த டைமிங் பெல்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என் வான் வண்டிக்குப் பெல்ட் மாற்றுகிற வேகத்தில் மற்றப் பெண்கள் சேலைகூட மாற்றுவதில்லை என்று என்னைப் பகிடி பண்ணாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. பண்ணட்டும். அப்படிப் பகிடி பண்ணியவர்களின் ஜப்பான் வான்கள் எத்தனையோ வளவுக்குள் படுத்து, கோழி முட்டையிடும் கூடாகிப் போயின. என்னுடையது ஓடியது. ஏன் இவள் இந்தக் கூத்து ஆடினாள் என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். கொஞ்சம் நீளமான பதில், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பத்தாறில் என் மனுசன் குருநகரிலிருந்து கடலுக்குப் போனார். படகு மட்டும் கரையொதுங்கியது. கையில் இரண்டு பெண்பிள்ளைகள். அழுது முடிந்ததும் படகையும் அதன் எஞ்சினையும் விற்று, என் சங்கிலியையும் காப்பையும் சேர்த்து, ஒரு பழைய ஜப்பான் டீசல் வான் வாங்கினேன். காலையில் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்ப் பக்கம் போவேன். அங்கே விற்றுவிட்டு, கத்தரிக்காயும் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். பொம்பிளை வான் ஓடுகிறாள் என்று பார்க்கவே முதல் மாதம் சனம் வாசலுக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் மீனும் வாங்கினார்கள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனுசனுக்கு ஒரு தமையன் இருந்தார். அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு ஏ போர்ட்டி இருந்தது, வெள்ளைக்காரன் காலத்துக் கார், கிழடானாலும் ஓடும். படகு தகப்பனுடையது, அதை விற்று வாங்கிய வானும் தனக்கே சேரவேண்டும் என்பது அவருடைய வழக்கு. அதை எங்கள் வேதக்கோயில் பங்குச் சுவாமியாரிடம் கொண்டுபோனார். சுவாமியாரின் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"அப்புவின்ரை போட்டை வித்து வாங்கின வான், சுவாமி. இவ என்ன செய்யப்போறா? ரெண்டு மாசம் ஓடிப்போட்டு வளவுக்குள்ளை உக்க விடப்போறா."

"உக்க விட்டால் வந்து கொண்டு போங்கோவன்!" என்று நான் வாயை விட்டேன்.

சுவாமியார் அந்த வாயையே பிடித்துக்கொண்டார். வான் ஓடும்வரை என்னுடையது. ஒரு மாதம் முழுதாக ஓடாமல் கிடந்தால் அத்தானுடையது. கோயிலுக்குள் சொன்ன சொல், குருநகரில் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. நானும் தலையாட்டினேன், அவரும் தலையாட்டினார். அன்றிலிருந்து அந்த மனுசன் என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வானைத்தான் முதலில் பார்ப்பார், பிறகுதான் பிள்ளைகளைப் பார்ப்பார்.

இந்தியன் ஆமி இருந்த காலத்தில் ஒருநாள், கோப்பாய்ப் பக்கம் மீன் கொண்டுபோகும்போது, சந்தி தாண்டியதும் வான் நின்றது. புகையில்லை, இருமலில்லை, முனகலில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. எனக்கு அப்போது என்ன தெரியும்? சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். உள்ளே ஏதோ இரும்பு இரும்பில் முட்டுகிற சத்தம் கேட்டது. பின்னால் கடகங்களில் ஒரா மீன் வெயிலில் நாறத் தொடங்கியது.

பட்டணத்துக் கராஜில் கழற்றிப் பார்த்தால் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்து கிடந்தன. எனக்குக் கொதி வந்தது. ஒரு றப்பர் நாடா அறுந்ததற்கு முழு எஞ்சினும் சாவதா? என்ன கண்டறியாத ஜப்பான்காரன்! கராஜ்காரரை நான் விடவில்லை. கேள்வியாய்க் கேட்டுக் குடைந்தேன். அவரும் ஏசிஏசித்தான் சொன்னார்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வருகிற நேரம் வால்வு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன, ஆனால் வேறு வேறு நேரத்தில். அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பல்லுப் பெல்ட். ஏ போர்ட்டி போன்ற பழைய கார்களில் அந்த இடத்தில் இரும்புச் சங்கிலி. சங்கிலி தேய்ந்தால் கலகலவென்று மாதக்கணக்கில் சத்தம் போட்டுச் சொல்லும். பெல்ட் சொல்லாது. வீட்டில் வாய் திறக்காமல் வேலை செய்கிற மருமகளைப் போல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கு என்ன குறை இருந்தது என்று தெரியவரும். றப்பர் ஓடினாலும் கிழடாகும், சும்மா கிடந்தாலும் கிழடாகும். சூடு அதைக் காய வைக்கும், கசிகிற எண்ணெய் ஊற வைக்கும். மூடிக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, நல்லாய்த்தானே இருக்கிறது என்று தோன்றுகிற நேரத்திலேயே கழற்றி எறிய வேண்டும். வேறு மருந்து இல்லை.

புதுப் பெல்ட் ஒன்றை மேலதிகமாக வாங்கி, மடித்து என் பைக்குள் வைக்கப் போனேன். கராஜ்காரர் கத்தினார்.

"மடிச்சிட்டீரோ? அப்ப எறியும் அதை! உள்ளுக்கை இருக்கிற நூல் முறிஞ்சால் பேந்து அது பெல்ட் இல்லை."

அதை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கி, மடிக்காமல் வைத்துக்கொண்டேன். அந்த முறை திருத்த வேலை முடிய மாதம் முடியும் தறுவாய். அத்தான் நாள்தோறும் கராஜ் வாசலில் வந்து நின்று கதை கேட்டுவிட்டுப் போனார். நான் வானை வெளியே எடுத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். வானின் கிலோமீற்றர் முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. ஆகவே எங்கள் யாகப்பர் கோயில் திருநாளை வருடக் கணக்காக வைத்தேன். திருநாளுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு, பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை, வானுக்குப் புதுப் பெல்ட். அறுந்தாலும் சரி அறாவிட்டாலும் சரி.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்கியது. கரையில் ஷெல் விழ, நாங்கள் கோப்பாயில் ஒரு தோட்டக்காரரின் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். நானும் பிள்ளைகளும் என் அக்காவும். அக்கா கலியாணம் கட்டாதவள், வாய் என்னைவிட நீளம். குருநகர்க் கரைக்கு யாராவது துணிந்து மீன் கொண்டுவந்தால் ஏற்றிக்கொண்டு ஓடுவேன். டீசல் இல்லை. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றினேன். அதைக் குடித்த எஞ்சின் கொதித்தது. றோட்டெல்லாம் கிடங்கு, புழுதி. சனம் கூடினால் மணிக்கணக்காக நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும். சில்லு உருளாவிட்டாலும் உள்ளே பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதை ஒருவரும் யோசிப்பதில்லை. கைவசமிருந்த மேலதிகப் பெல்ட்டை அந்த வருடத் திருநாளுக்குப் போட்டுவிட்டேன். அடுத்த வருடத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. கடைகளிலும் ஒன்றுமில்லை. வாகனச் சாமான் எதுவும் வடக்குக்கு வரக்கூடாது என்று அரசாங்கத் தடை, வவுனியாவில் ஆமியின் சோதனை.

தொண்ணூற்றொன்றில், திருநாளுக்கு முன்னரே, எஞ்சினில் எண்ணெய் கசிவது தெரிந்தது. எஞ்சினுக்கு மேலிருந்த முன் சீற்றைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் திருப்பிப் பார்த்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிர் போன்ற வெடிப்பு. ஒரு பக்கம் எண்ணெயில் ஊறிப் பொதபொதவென்று இருந்தது. என்ரை மாதாவே என்று அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். அது அறுந்தால் திரும்பவும் வால்வு வளையும். இந்தத் தடைக்குள் வால்வுக்கு எங்கே போவது? வான் படுக்கும், மாதம் ஓடும், அத்தான் வருவார். பிறகு மீன் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவருடைய காருக்குப் பின்னால் நான் நடக்க வேண்டியதுதான்.

செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம், கையில் ஒரு பால்மாத் தகரப் பேணியோடு கொட்டிலுக்கு வந்தார். அக்கம்பக்கத்துச் சனமும் கூட வந்தது.

"இந்தாரும், உம்மடை கண்டறியாத பெல்ட்," என்று பேணியைச் சுளகில் கவிழ்த்தார்.

பால்மாவுக்குள்ளிருந்து புத்தம் புதுப் பெல்ட் ஒன்று விழுந்தது. சரியான அளவு. எனக்கு ஒரு நிமிடம் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். கொழும்பிலிருந்து வந்த அவருடைய மனிசியின் சகோதரி, பேணிக்குள் பெல்ட்டை மூன்றாக மடித்து வைத்து, மேலே பால்மாவைக் கொட்டி, மூடியை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பற்றரி என்றாலும் பேணி, மருந்து என்றாலும் பேணி. எதையும் சின்னதாக மடித்து ஒளிக்கிற கெட்டித்தனம் எங்கள் எல்லோருக்கும் வந்திருந்தது. ஆனால் இந்தச் சாமானை மட்டும் மடிக்கக்கூடாது. நான் அதை விரித்தேன். மடிப்பு இருந்த இடங்களில் மெல்லிய கோடு. வெளியே றப்பர் பளபளவென்று இருந்தது.

"அத்தான், இதை மடிச்சுப் போட்டினம். இது சரிவராது."

"என்ன? சரிவராதோ? புதுச் சாமான், பிள்ளை. கடையின்ரை மணம் போகேல்லை."

"உள்ளுக்கை நூல் முறிஞ்சிருக்கும். நான் இதைப் போடமாட்டன்."

"மடிக்காமல்? ஆமிக்காரனுக்கு முன்னாலை கழுத்திலை மாலையாய்ப் போட்டுக்கொண்டு வாறதோ?"

சனம் சிரித்தது. அத்தானுக்கு அந்தச் சிரிப்பு உற்சாகம் கொடுத்தது. "அந்தப் பிள்ளை உசிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கொண்டந்தது. இவவுக்கு நொட்டை. திமிர் எண்டால் இதுதான் திமிர். என்ரை ஏ போர்ட்டிக்கு உந்த வில்லங்கம் ஒண்டும் இல்லை, பாருங்கோ. சங்கிலி, அப்பு காலத்துச் சங்கிலி!"

அவர் வேண்டுமென்று மடிப்பித்தாரா, தெரியாமல் நடந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமல்தான் இருக்கும். ஆனால் நல்ல மனத்தோடு தந்த முறிந்த பெல்ட்டும் முறிந்த பெல்ட்தான். நன்றிக்காக அதைப் போட்டு, நடுறோட்டில் எஞ்சினைச் சாகக்கொடுக்க நான் தயாராக இல்லை. பால்மாவைத் தட்டி, பெல்ட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பால்மாவை அக்கா பேணியோடு உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

"அவள் சரியான விசரி," என்று சொல்லிக்கொண்டு சனம் போனது. எனக்கு அது காதில் ஏறவில்லை. மாலையாய்ப் போட்டுக்கொண்டு வருவதோ என்று அவர் கேட்டாரே, அது மட்டும் மண்டைக்குள் சுற்றியது. கழுத்தில் எதற்கு? இடுப்பு இருக்கிறதே! பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு என் இடுப்பு அந்தப் பெல்ட்டின் சுற்றளவுக்கு வந்து நின்றதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். அந்த மனுசன் தன்னை அறியாமல் எனக்கு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நானே வவுனியாவுக்குப் போய் வாங்கிவருவது என்று மறுநாளே பழைய பெல்ட்டைக் கழற்றினேன். அக்கா தலையில் கைவைத்தாள்.

"எடியேய், கழட்டினால் வான் நிக்கும். அண்டைக்கே மாசம் எண்ணத் துவங்கிடுவார்."

"எண்ணட்டும். கழட்டாமல் விட்டால் நான் இல்லாத நேரம் எடுத்து ஓடிப்பார்ப்பார். அறுந்தால் எல்லாம் போச்சு. இப்ப ஆரும் ஓடேலாது, அவரும் ஓடேலாது."

வெளியே போக இயக்கப் பொடியளிடம் பாஸ் எடுக்க, நான் திரும்பி வருவேன் என்று அக்கா பிணை நின்றாள். பழைய பெல்ட்டைத் தலைவழியாகப் போட்டு, தோள் நெரிய இறக்கி, இடுப்பில் நிறுத்தினேன். அதன்மேல் பழஞ்சேலைத் துண்டைச் சுற்றி, துணியில் நன்றாக வேப்பெண்ணெய் பூசினேன். எஞ்சின் எண்ணெய் மணத்தை வேப்பெண்ணெய் அமுக்கிவிடும். கடைக்காரனுக்குக் காட்டப் பழையது வேண்டும் என்பது ஒன்று. போகும்போதே ஆமிக்காரர் அதைப் பார்த்துப் பழகட்டும் என்பது மற்றொன்று.

கேரதீவில் பாதை என்கிற மிதவையில் ஏறி நீரேரியைக் கடந்து, பிறகு ட்ரக்டரிலும் லொறியிலும் நடையுமாக வவுனியாச் சோதனைச் சாவடிக்குப் போனேன். பெண்களைத் தனியாக மறைப்புக்குள் விட்டுச் சோதித்தார்கள். சோதித்தது ஒரு சின்ன ஆமிக்காரப் பெண். அவளுடைய கை என் இடுப்பில் பட்டதும் நின்றது.

"மொகத மே?" இது என்ன என்று கேட்கிறாள் போலிருந்தது.

"நாரி நோ, தங்கச்சி," என்று முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அதில் பாதி நடிப்பில்லை, ட்ரக்டர் என் நாரியை உண்மையாகவே முறித்திருந்தது.

அவள் தன் முதுகைத் தொட்டு, "கொந்த?" என்றாள். நானும் "ஓம், கொந்த, கொந்த" என்றேன். துணியை விலக்கப் போனவள் வேப்பெண்ணெய் மணத்தில் மூக்கைச் சுளித்துக் கையை எடுத்துவிட்டாள். ஒரு சிங்களச் சொல் படித்துக்கொண்டு வவுனியாவுக்குள் போனேன்.

அங்கே ஒரு கடைக்காரர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார். கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் படுக்க இடம் தந்தார்கள். கிழமைகள் போயின. வந்த பெல்ட்டை என் பழையதோடு வைத்துப் பார்த்தால் பல் கூடுதல்.

"ரெண்டு பல்லுத்தானே, அம்மா. இறுக்கிப் போட்டால் சரி."

"உங்கடை வாயிலை ரெண்டு பல்லுக் கூடினால் வாய் மூடுமோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டு திரும்பவும் சொல்லியனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு விடியலும் அத்தானுக்குப் பக்கமாகத்தான் விடிந்தது. சரியான பெல்ட் கைக்கு வந்தபோது, மாதம் முடிய முன் ஊர் போய்ச் சேர நாள் போதுமா என்றாகிவிட்டது. மடத்தில் வைத்துப் புதுப் பெல்ட்டைச் சொப்பிங் பையால் நன்றாகச் சுற்றினேன். எண்ணெய் பட்டால் புதியதும் நாசம். பைக்கு மேலே அதே பழஞ்சேலைத் துண்டு, அதே வேப்பெண்ணெய் மணம். பழையதைச் சிஸ்டர்மாரின் குப்பைக் கிடங்கில் போட்டேன்.

சாவடியில் அதே பெண். கையை என் இடுப்பில் வைத்தாள். பொலித்தீன் சரசரத்தது. என் முகத்தைப் பார்த்தாள்.

"தவம கொந்த?"

இன்னமும் முதுகுதானா என்று கேட்கிறாள் என்று விளங்கியது. "ஓம் தங்கச்சி, கொந்த," என்றேன். அவள் ஏதோ தன் பாஷையில் சொல்லி, தன் கையைத் துடைத்துக்கொண்டு, போ என்று காட்டினாள். அவளுக்கு விளங்கியதா இல்லையா என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் பொய் சொன்னேனே என்று ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. மீன் விற்கிற ஒருத்தி ஒரு றப்பர் வளையத்தை உள்ளுடுப்புக்குள் வைத்துக் கடத்த வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் வெட்கப்படட்டும்.

திரும்பி வரும் வழியில் குந்தியிருக்கவும் ஏலாது, குனியவும் ஏலாது. பெல்ட்டின் பல் ஒவ்வொன்றும் தோலில் பதிந்தது. படுக்கும்போதும் கழற்றவில்லை. கோப்பாயில் நான் இறங்கிய அன்றுதான் மாதத்தின் கடைசி நாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அக்கா றோட்டுக்கே ஓடிவந்தாள்.

"கெதியாய் வாடி! மாட்டு வண்டிலோடை வந்து நிக்கிறார். கயிறும் கட்டிப்போட்டினம்!"

வளவுக்குள் போனால் கல்யாண வீடு போலச் சனம். வானின் முன் பம்பரில் கயிறு. அத்தான் கூட்டிவந்த இரண்டு பேரில் ஒருவன் என் சீற்றில் ஏறி இருந்து கியரைப் பிடித்துக்கொண்டிருந்தான். பெல்ட் இல்லாத எஞ்சினைக் கியரில் வைத்து இழுத்தால் வால்வு வளைந்துவிடும்.

"கையை எடடா! கியரைத் தொட்டால் கையை முறிப்பன்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடு இரண்டும் மிரண்டன.

"மாசம் முடிஞ்சுது, பிள்ளை," என்றார் அத்தான், மெதுவாக. "கோயிலிலை சொன்ன சொல்லு."

"பொழுது படேல்லை, அத்தான். சூரியன் இன்னும் உங்கடை பக்கம் வரேல்லை."

வானுக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். துணியைக் குலைத்து, பெல்ட்டைத் தலைவழியாகக் கழற்றியபோது தோலும் கூட வருகிறது போல எரிந்தது. வெளியே வந்து, சொப்பிங் பையை உரித்து, பெல்ட்டை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன். வட்டம் குலையாமல் இருந்தது. ஒரு மடிப்பு இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

முன் சீற்றைத் தூக்கி வேலையைத் தொடங்கினேன். பெல்ட் ஓடும் மூன்று பற்சில்லுகளிலும் புள்ளி இருக்கிறது. மூன்றும் அதனதன் இடத்தில் நிற்க, பெல்ட்டை ஏற்ற வேண்டும். ஒரு பல் தவறினாலும் திரும்பவும் அதே கதி. அத்தான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு, "உந்தப் புள்ளி கொஞ்சம் தள்ளி நிக்குது போலை," என்றார். என்னைக் குழப்பத்தான் சொன்னார். ஆனாலும் திரும்பவும் பார்த்தேன், புள்ளி சரியாக நின்றது. இறுக்கி, ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் முட்டவில்லை. சேசுவே என்று சொல்லி மூடியைப் பூட்டினேன்.

சீற்றில் ஏறி சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. திரும்பவும் டிக். ஒரு மாதம் கிடந்த பற்றரி செத்துப்போயிருந்தது. அத்தானின் முகம் மலர்ந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். மேற்கே பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் தலையை வெளியே நீட்டினேன். "இழுக்கவெண்டு வந்தனியள்தானே? கயிறைக் கழட்டிப்போட்டுத் தள்ளுங்கோ!"

அந்த இரண்டு பேரும் அத்தானைப் பார்த்தார்கள். அக்காவின் வாய் அப்போதுதான் திறந்தது. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதைக் கேட்ட பிறகு அந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். வளவுக்காரர் தள்ளினார், என் பிள்ளைகள் தள்ளினார்கள். படலை தாண்டி றோட்டு இறக்கத்தில் வேகம் பிடித்ததும் கியரைப் போட்டு கிளச்சை விட்டேன். வான் ஒருமுறை உதறியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. தள்ளியவர்களின் முகம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை. சந்திவரை போய், ஹோர்னை அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். சூரியன் அப்போதும் இருந்தது.

அத்தான் வண்டிலில் ஏறிப் போனார். நான் அழுதேன். சந்தோஷத்திலும் இல்லை, துக்கத்திலும் இல்லை, கொதியில் அழுதேன். வாழ்க்கை முழுக்க இப்படி நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்ற கொதி.

அதற்குப் பிறகு எங்கள் பெண்களிடையே நாரி நோ ஒரு தொற்று நோயாகப் பரவியது. வவுனியாவுக்குப் போகிறவளெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி எனக்குப் பெல்ட் கொண்டுவந்தாள், ஒருத்தி தன் தமையனின் வானுக்குக் கொண்டுவந்தாள். நான் மட்டும் என் திருநாள் கணக்கை விடவில்லை. திருநாள் வந்தால் கழற்றுவேன். "நல்லாய்த்தானே இருக்கு, ஏன் எறியிறாய்?" என்று கேட்பார்கள். நல்லாய் இருக்கும்போதே எறிவதுதான் அதன் சூட்சுமம் என்று எத்தனை தரம் சொல்வது? கழற்றியதைக் கிணற்றடியில் வாளி கட்டப் பாவித்தோம். அத்தானின் ஏ போர்ட்டி மட்டும் கலகலவென்று சங்கிலிச் சத்தத்தோடு என் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வானைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த கதை எல்லோருக்கும் தெரியும். மழை. விடிந்து வெளித்த பிறகும் கைதடிப் பக்கம் போகும் றோட்டில் சனத்துக்கு நடுவில் என் வான் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஏறக்கூடிய அளவுக்குச் சனம். எஞ்சின் கொதிக்கிறது, நிறுத்தப் பயம். நிறுத்தினால் திரும்பத் தள்ள ஆளுக்கு இடமில்லை. அந்த நெரிசலில் தலையில் ஒரு மூட்டையோடு நனைந்துகொண்டு போன மனிதர் அத்தான். மண்ணெண்ணெய் இல்லாமல் காரை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பின்னால் அவருடைய மனிசி நடக்க ஏலாமல் நடந்தா. நான் முன்கதவைத் திறந்தேன். இருவரும் ஏறினார்கள்.

கொஞ்ச நேரம் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "பிள்ளை... உந்தப் பெல்ட் எப்ப மாத்தினது?" என்றார்.

"திருநாளுக்கு, அத்தான்."

தலையாட்டினார். அவருடைய மனிசி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

வழியிலிருந்த பாலத்துக்குக் கிட்ட வான் நின்றபோது, கையில் பிள்ளையோடு ஒருவர் அத்தானின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். மழையில் வானை ஓட்டுவது யார் என்று வந்தவருக்குத் தெரியவில்லை. வயது போன ஆம்பிளை முன்சீற்றில் இருந்தால் சொந்தக்காரன் அவர்தான் என்று நினைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல். உங்கடை வானிலை ஒரு சின்ன இடம்..."

அத்தான் கண்ணாடியை இறக்கினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தேன்.

"என்ரை வான் இல்லைத் தம்பி," என்றார். "அவவின்ரை. அவவைக் கேளும்."

"ஏறுங்கோ," என்றேன்.